ஏகநாதன் காட்டுக்குப் போன இரண்டு நாள்

பச்சையம்மா அக்கா தன் வாழ்நாளில் ஒரு காட்டையும் பார்த்ததில்லை. பார்க்கிற ஆசையும் அவருக்குக் கிடையாது. பல்லியைக் கண்டாலே போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொள்கிறவர். ஆனால் போன ஏப்ரலில், வால்பாறைக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஒரு மழைக்காட்டுக் காப்பகத்துக்குள் எத்தனை பேரை விடுவார்கள், எந்த நிறச் சட்டை போடக்கூடாது, அட்டை கடித்தால் பிடுங்கலாமா கூடாதா என்பதெல்லாம் பெருங்களத்தூரில் அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் இருந்திருக்க மாட்டார். எல்லாவற்றையும் கட்டிலில் படுத்தபடியே விசாரித்து வைத்திருந்தார். இடுப்புக்குக் கீழே அவருக்கு உணர்ச்சி கிடையாது.

நான் அதே கட்டடத்தின் தரைத்தளத்தில், மோட்டார் அறையை ஒட்டிய ஒற்றை அறையில் குடியிருக்கிறேன். பெயர் சக்திவேல். ஊர் திருக்கோவிலூர்ப் பக்கம். வீட்டில் மட்டுமல்ல, எங்கள் தெருவுக்கே முதல் பட்டதாரி நான்தான். விலங்கியலில் எம்.எஸ்சி. முடித்துவிட்டு இங்கே ஒரு தனியார் கல்லூரியில் செய்முறை வகுப்பு எடுக்கிறேன். படிக்கும்போது ஆனைமலைப் பக்கம் மூன்று மாதம் தங்கிப் பறவைகளைக் குறிப்பெடுத்தவன். இதைக் கொஞ்சம் பெருமைக்காகவும் சொல்கிறேன்; அதோடு, அக்கா என்னைக் கூப்பிட்டு அனுப்பியதற்குக் காரணமும் இதுதான்.

இந்தக் கட்டடம் நிற்கிற இடம் ஒரு காலத்தில் அவர்களுடையது. அக்காவின் புருஷன் ஏகநாதன் அண்ணாவின் அப்பா கத்தரியும் வெண்டையும் போட்ட நிலம். பில்டரிடம் கொடுத்தபோது பங்குக்கு ஒரு வீடு வந்தது. வடகம் காயவைக்க மொட்டை மாடி பக்கத்தில் இருக்கட்டும் என்று மூன்றாம் மாடியை அக்காவே கேட்டு வாங்கினார். அப்போது அவர் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைக்குக் காலர் தைத்துக்கொண்டிருந்தார். கேஸ் சிலிண்டரைத் தனியாளாக மேலே ஏற்றுகிற உடம்பு. லிஃப்ட் வரும் என்று குழி எடுத்தார்கள். குழிதான் வந்தது. இன்றைக்கு அதற்குள் பழைய சைக்கிள்களும் உடைந்த வாஷிங் மெஷின் ஒன்றும் நிற்கின்றன.

ஏகநாதன் அண்ணா டூரிஸ்ட் வேன் ஓட்டினவர். பள்ளிக்கூடம், காலேஜ், குடும்பம் என்று எத்தனையோ கூட்டத்தை டாப்ஸ்லிப்புக்கும் வால்பாறைக்கும் ஏற்றிப் போயிருக்கிறார். அவர்கள் காட்டுக்குள் போவார்கள், இவர் வண்டியில் இருப்பார். குரங்கு பையைத் தூக்கிவிடும் என்று யாராவது ஒருவர் வண்டியைப் பார்த்துக்கொள்ள வேண்டுமே. காட்டு வாசலில் டீ குடித்ததற்குக் கணக்கு இல்லை, உள்ளே ஒரு தடவைகூடக் கால் வைத்ததில்லை என்று என்னைப் பார்க்கும்போதெல்லாம் சொல்வார். என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "எம்மெஸ்ஸி, நீ பாத்த பறவைய நான் ஹாரன் அடிச்சுத் தொரத்திவுட்டுகீறேன்யா" என்பார்.

அத்தனை மலைவளைவிலும் ஒரு கீறல் வாங்காத டிரைவர். ஆறு வருடம் முன்பு ஒரு கல்யாணத்துக்கு அக்காவைப் பின்னால் உட்காரவைத்து பைக்கில் போனபோது, இரும்புலியூர் பாலத்துக்குக் கீழே அக்காவின் புடவைத் தலைப்பு பின்சக்கரத்தில் சுற்றிக்கொண்டது. வேனை அன்றோடு நிறுத்திவிட்டார். அதற்கப்புறம் அக்காவைப் புரட்டிப் படுக்கவைப்பது, சிறுநீர்ப் பையை மாற்றுவது, முதுகைத் துடைத்துப் பவுடர் போடுவது எல்லாம் அவர்தான். வேறு கையைத் தொடவிடுவதில்லை. ஒரு நர்ஸம்மாவை வைத்துப் பார்த்தார்கள். மூன்றாம் நாளே புரட்டுகிற விதம் சரியில்லை என்று அனுப்பிவிட்டார்.

பிப்ரவரியில் தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு ஏறும்போது இரண்டாம் மாடியில் உட்கார்ந்துவிட்டார். சட்டை முழுக்க வியர்வை. அந்த மாடியில் இருக்கிற ஜஹானாரா அக்காதான் பார்த்தது. அவர் வீட்டிலேயே துணி தைக்கிறவர். புருஷன் அத்தாவுல்லா கார் ஏ.சி. மெக்கானிக். இரண்டு பேருமாக மேற்குத் தாம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். இதயத்தில் அடைப்பு, படுக்கையில் சேர்த்து ஸ்டென்ட் வைக்க வேண்டும், நாலைந்து நாள் இருக்கணும் என்று சொல்லியிருக்கிறார்கள். அண்ணா மாத்திரையை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டார். அப்புறம் பார்க்கலாம் என்றார். அந்த அப்புறம் வரவே இல்லை.

அவர் ரேஷனுக்குப் போயிருந்த ஒரு காலையில் அக்கா என்னைப் போனில் கூப்பிட்டார். பூட்டியிருந்த க்ரில் கேட்டுக்கு வெளியே நின்றபடிதான் பேசினேன். எங்கே போனாலும் அண்ணா கேட்டைப் பூட்டி சாவியை எடுத்துப் போய்விடுவார். எழுந்து வர முடியாதவளை வைத்துக்கொண்டு திறந்தா போட முடியும் என்பார். மரக்கதவு திறந்திருந்தது. ஹாலின் அந்தக் கோடியில் கட்டில்.

அக்கா சுற்றி வளைக்கவில்லை. இரண்டு மாதமாக ராத்திரியில் அவர் மூச்சு விடுகிறாரா என்று கேட்டுக்கொண்டே படுத்திருக்கிறேன் என்றார். மூச்சு நின்றால் கத்துவேன், ஜஹானாரா வரும், கேட் உள்பக்கம் பூட்டியிருக்கும், சாவி அவர் இடுப்பில் இருக்கும், நான் இங்கேயிருந்து பார்த்துக்கொண்டே கிடப்பேன் என்று, ஏற்கனவே நடந்துவிட்ட விஷயத்தைச் சொல்வது மாதிரி சொன்னார். ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிப் பாருங்களேன் என்றேன்.

"சொல்லாத நாளு கீதா தம்பி? ஆஸ்பத்திரின்னா அவுருக்குக் காது கேக்காது. காடுன்னா கேக்கும். ரெண்டு நாள் என்னிய வுட்டுட்டு காட்டுக்குப் போவட்டும். திரும்பி வந்து நான் உசுரோட கீறதப் பாக்கட்டும். அப்புறம் இன்னா சாக்கு சொல்லுவாரு? நீதான் படிச்சவன். காட்ட ரெடி பண்ணு."

காட்டை நான் ரெடி பண்ணவில்லை, அவரே பண்ணினார். எனக்குத் தெரிந்த காப்பகத்தின் எண்ணைக் கொடுத்தேன், அவ்வளவுதான். அங்கே மழைக்காலம் முழுக்க மூடிவிடுவார்கள். மீதி மாதங்களிலும் பாதைகளை முறைவைத்துத்தான் திறப்பார்கள். ஒரு பாதை ஓய்வில் இருக்கும்போது அந்தப் பக்கம் காப்பக ஆட்களே போகமாட்டார்கள். ஒரு நாளைக்குப் பத்துப் பேர். கூட்டிப் போவது காட்டுக்குள்ளேயே குடியிருக்கிற காடர் சனங்கள். வருகிற வருமானத்தில் பெரும் பங்கு அவர்கள் குடியிருப்புக்கு. பிளாஸ்டிக்கை எண்ணி உள்ளே விட்டு, எண்ணி வெளியே வாங்குவார்கள், மாத்திரை அட்டை உட்பட. அக்கா தினமும் போன் போட்டு அந்த அலுவலகத்துப் பெண்ணோடு சிநேகமாகிவிட்டார். இதயத்தில் கோளாறு உள்ள ஆள் என்று ஒளிக்காமல் சொல்லி, ஏற்றமே இல்லாத சமதளப் பாதை ஒன்றைக் கேட்டு வாங்கினார். வயசானவர்களுக்கென்று ஒன்று இருக்கிறதாம். அதன் முடிவில் உட்கார்ந்தபடியே இருவாச்சிப் பறவையின் கூட்டைப் பார்க்கலாம். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. டாக்டரிடம் நானே போய்க் கேட்டேன். சமதளத்தில் மெதுவாக நடக்கலாம், ஆனால் படி ஏறுவதை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள் என்றார். மூன்றாம் மாடிக்காரரிடம் அதை எப்படிச் சொல்வது?

அண்ணாவிடம் இருந்ததெல்லாம் வெள்ளைச் சட்டை, டிரைவர் காலத்துப் பழக்கம். காட்டில் வெள்ளை ஆகாது, விலங்கு தூரத்திலேயே பார்த்துவிடும். ஜஹானாரா அக்கா பாசி நிறத்தில் துணி எடுத்து ஒரு சட்டை தைத்தார். காலர் சரியில்லை என்று கட்டிலில் இருந்தபடி அக்கா இரண்டு தடவை பிரிக்கவைத்தார்.

ஒரு சாயங்காலம் எல்லோரும் மேலே இருந்தபோது அண்ணா இருவாச்சியைப் பற்றிக் கேட்டார். சொன்னேன். பெண் பறவை மரப்பொந்துக்குள் போய் வாசலை அடைத்துக்கொள்ளும், அலகு நுழைகிற அளவுக்கு ஒரு பிளவுதான் விடும். முட்டை பொரிந்து குஞ்சு வளருகிற வரை ஆண் பறவைதான் பழம் கொண்டுவந்து ஊட்டும். அண்ணாவுக்கு ஒரே சந்தோஷம். பார்த்தியா ஆம்பளையின் அருமையை என்று அக்காவைச் சீண்டினார்.

"அது செத்துப் போச்சுன்னா?" என்று அக்கா என்னைப் பார்த்துக் கேட்டார்.

வகுப்பில் மாணவர்கள் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். ஜஹானாரா அக்கா டீ டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அண்ணாவும் வேறு பேச்சுப் பேசினார்.

அவர் சம்மதித்தது எங்களுக்கே ஆச்சரியம். காப்பகத்தில் கிடைத்த தேதி சித்திரை ஒன்றாம் தேதியை ஒட்டி வந்த விடுமுறையில் விழுந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ், திங்கள் விடியலில் திரும்பி வருவது. ஜஹானாரா அக்காவுக்கு ஒரு வாரம் பயிற்சி கொடுத்தார் அண்ணா. இடுப்புக்குக் கீழே எங்கே கை வைக்க வேண்டும், விரிப்பில் மடிப்பு விழாமல் எப்படி இழுக்க வேண்டும் என்று ஒரு லாரிக் கிளீனருக்குச் சொல்வது போல அதட்டி அதட்டிச் சொன்னார். மரக்கதவின் மாற்றுச் சாவியையும் கொடுத்தார். கிளம்புகிற வேளையில் நான்தான் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் இறங்கினேன். அவர் பின்னால் வந்தார். பாசி நிறச் சட்டையில் வேறு யாரோ மாதிரி இருந்தார். அக்கா அழவில்லை. ரொம்ப நேரம் நிற்காதே, பஸ் போய்விடும் என்று உள்ளேயிருந்து விரட்டியது மட்டும் கேட்டது.

பஸ் நிலையம் கிளாம்பாக்கத்துக்குப் போன பிறகும் ஆம்னி பஸ்காரர்கள் பெருங்களத்தூரில் ஆள் ஏற்றுவதை விடவில்லை. ஜி.எஸ்.டி. ரோட்டில் நிற்க இடமில்லை. அண்ணாவை ஜன்னல் சீட்டில் உட்காரவைத்துவிட்டுத் திரும்பி வரும்போது எனக்கு மனசு லேசாக இருந்தது. ஒரு காரியத்தைச் செய்து முடித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

கட்டடத்துக்குள் நுழையும்போதே ஜஹானாரா அக்காவின் குரல் கேட்டது. அந்தி நேரத்து மஃரிப் தொழுகையை முடித்துவிட்டு இட்லியோடு மேலே போயிருக்கிறார். க்ரில் கேட்டில் பூட்டு. அண்ணா ஆறு வருடமாக வாசலைத் தாண்டும்போது செய்கிற காரியத்தை அன்றைக்கும் அவர் கை செய்திருந்தது. அந்தப் பூட்டின் இரண்டு சாவியும் ஒரே வளையத்தில் கோத்து அவர் பையில்தான் இருந்தன.

ஜஹானாரா அக்கா கம்பிக்குள் கையை விட்டு மரக்கதவைத் திறந்து வைத்திருந்தார். உள்ளே விளக்கு எரிந்தது. கட்டில் ஹாலின் கோடியில். தட்டைக் கம்பி வழியாக உள்ளே தள்ளலாம், துடைப்பக் கட்டையால் கட்டில் வரை நகர்த்தலாம். ஆனால் தரையிலிருந்து எடுக்க அக்காவால் குனிய முடியாது, சரிந்தால் தானாக நிமிரவும் முடியாது. இடதுபக்கமாகப் படுக்கவைத்துவிட்டுப் போயிருந்தார் அண்ணா. புரட்டவேண்டிய நேரம் தாண்டியிருந்தது. சிறுநீர்ப் பை நிரம்பித் தொங்கியது அங்கிருந்தே தெரிந்தது.

நான் போனை எடுத்தேன்.

"அவுருக்குப் போட்டேன்னா இனிமே என் மூஞ்சில முழிக்காத" என்றார் அக்கா. குரல் உயரவே இல்லை. "இன்னிக்கி திரும்பி வந்தாருன்னா, செத்தாலும் இந்த வாசல தாண்ட மாட்டாரு. பூட்ட ஒடை."

ரோட்டுக்கு ஓடினேன். விடுமுறை, ஹார்டுவேர் கடையில் பாதி ஷட்டர் இறக்கியிருந்தார்கள். குனிந்து நுழைந்து இரும்பு அறுக்கிற ஹேக்ஸா ஃபிரேமும் நாலைந்து பிளேடும் வாங்கி வந்தேன். பூட்டின் வளையம் ஏதோ கெட்டி எஃகு. பிளேடு வழுக்கியது, இரண்டாவது இழுப்பிலேயே முறிந்தது. பூட்டை விட்டுவிட்டு, அது மாட்டியிருந்த கொண்டியை அறுக்கச் சொன்னார் ஜஹானாரா அக்கா. அது சாதாரண இரும்பு, ஆனால் கட்டைவிரல் தடிமன். அறுக்க ஆரம்பித்தேன்.

அப்போது அக்காவின் போன் அடித்தது. பஸ் கூடுவாஞ்சேரியில் ஊர்ந்துகொண்டிருந்ததாம். அண்ணா பேசினார். நாங்கள் கையை நிறுத்தினோம். அக்கா போனைக் காதில் வைத்துக்கொண்டு சிரித்த முகமாகவே பேசினார். ஜஹானாரா வந்துவிட்டாள், உள்ளேதான் இருக்கிறாள், இட்லி ஊட்டிக்கொண்டிருக்கிறாள், புரட்டிப் படுக்கவைத்தாயிற்று, நீ நிம்மதியாகப் போ என்றார். அந்தப் பக்கம் ஏதோ கேட்டிருக்கிறார். "ஆமா, உள்ளதான்" என்று இன்னொரு தடவை சொன்னார். போன் கட்டானது.

அண்ணா அந்த நேரத்தில் டிக்கெட்டைத் தேடிப் பைக்குள் கைவிட்டு, அந்தச் சாவிவளையத்தை உள்ளங்கையில் வைத்துக்கொண்டுதான் பேசியிருக்கிறார் என்பது எங்களுக்குத் தெரியாது.

ரொம்ப நேரம் அறுத்தேன். கை கொப்பளித்தது. ஜஹானாரா அக்கா முறை மாற்றி அறுத்தார். உள்ளே அக்கா ஒரு தடவை மட்டும், விரிப்பு நனைந்துவிட்டது என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். கொண்டியில் முக்கால்வாசி அறுந்திருந்தபோது படிக்கட்டில் செருப்புச் சத்தம். ஒவ்வொரு மாடியிலும் நின்று நின்று வந்தது. பாசி நிறச் சட்டை நெஞ்சோடு ஒட்டியிருக்க, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அண்ணா வந்து நின்றார். பேச மூச்சு இல்லை. சாவியை நீட்டினார்.

நான் நகர்ந்து வழிவிட்டேன்.

"தொறக்காத" என்றார் அக்கா.

அண்ணா கம்பி வழியாக உள்ளே பார்த்தார்.

"அறுக்கட்டும். நீ தொறந்தா நீ வந்துதான் தொறந்தேன்னு ஆயிடும். தம்பி, நீ அறு."

"இன்னாடி பேஜார் பண்ற? நனைஞ்சு போய் கீற" என்றார் அண்ணா.

"நனைஞ்சா இன்னா, கரைஞ்சா பூடுவேன்? நாளைக்கு நீ செத்துக் கெடந்தா அன்னிக்கும் சாவியோட நீயே வந்து தொறப்பியா? யாரு தொறப்பான்னு எனக்குத் தெரியணும்யா. காட்டப் பாக்கவா உன்ன அனுப்புனேன்? எந்தக் குரங்கப் பாத்தா எனக்கு இன்னா? நீ ஆஸ்பத்திரில போய்ப் படுக்கணும். அதுக்கு உன்ன வெளிய தள்ளிப் பாத்தேன். கூடுவாஞ்சேரி தாண்டல நீ."

அண்ணா என்னைப் பார்த்தார். உனக்கும் தெரியுமா என்று கேட்கிற பார்வை. நான் குனிந்து பிளேடை வைத்தேன். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் நிற்க, நான் அறுத்தேன். எம்.எஸ்சி. படித்தவன் செய்கிற வேலையா என்று எங்கள் ஊரில் யாராவது கேட்டால் என்ன சொல்வேன் என்று தெரியவில்லை. கொண்டி அறுந்து பூட்டோடு கீழே விழுந்தது. ஜஹானாரா அக்கா உள்ளே ஓடினார். அண்ணா நிலைப்படியில் கால் வைத்தார்.

"வெளிய" என்றார் அக்கா. "திங்கக் காலையிலதான் உனக்கு இங்க வேல. அதுவரைக்கும் நீ காட்டுல கீற."

மரக்கதவு சாத்திக்கொண்டது.

இப்படித்தான் ஏகநாதன் அண்ணா அந்த இரண்டு நாளையும் என் அறையில் கழித்தார். காப்பகத்துக்கு நான் போன் செய்து சொன்னேன். அந்தப் பெண் வருத்தப்பட்டார்; காத்திருப்பவர் ஒருவருக்கு இடத்தைக் கொடுத்துவிடுவோம், இனி மழைக்காலம் முடிந்துதான் என்றார். அண்ணா அதைக் காதில் வாங்கவில்லை. பாயில் உட்கார்ந்து கூரையைப் பார்ப்பார். எங்கள் தலைக்கு மேலே முதல் மாடிக்காரர்கள் நடக்கிற சத்தம்தான் கேட்கும், ஆனாலும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். நான் மேலே போய்விட்டு வந்தால் எந்தப் பக்கம் படுத்திருக்கிறாள், விரிப்பு மடிந்திருக்கிறதா, பையில் எந்த நிறம் என்று கேட்பார். நல்லா கீறான்னு மட்டும் சொல்லு, வேற ஒண்ணும் சொல்லாத என்பது மேலேயிருந்து எனக்கு வந்த உத்தரவு.

நல்லா இல்லை. சனிக்கிழமை மத்தியானமே விரிப்பு மடிப்பு அழுத்தி இடுப்பில் சிவந்துவிட்டது. சாயங்காலம் அக்காவைத் தூக்கிப் புரட்டியதில் ஜஹானாரா அக்காவுக்கு முதுகு பிடித்துக்கொண்டு நிமிர முடியவில்லை. அத்தாவுல்லா அவரைக் கைத்தாங்கலாகக் கீழே கூட்டிப் போனார். பை நிரம்பியிருந்தது. மாற்ற ஆள் நான்தான்.

நான் பெற்ற தாய்க்குக்கூட அந்த வேலை செய்ததில்லை. கையுறையை மாட்டிக்கொண்டு நின்றேன். அக்கா கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்: "இந்நேரம் அவுரு போயிருந்தா காட்டுல இன்னா பாத்துகினு இருப்பாரு? சொல்லு."

குழாயின் மூடியைத் திறந்துகொண்டே சொன்னேன். இந்நேரத்துக்குச் சோலைமந்திகள் தூங்குகிற மரத்துக்கு வந்துகொண்டிருக்கும், கறுப்பாக, முகத்தைச் சுற்றிச் சிங்கம் மாதிரி நரைத்த மயிர். மலையணில் பூனை அளவுக்கு இருக்கும், பலாவைக் கடித்துப் பாதியில் போட்டுவிட்டுப் போகும். இருவாச்சி பறந்தால் றெக்கைச் சத்தம் ரயில் தூரத்தில் வருகிற மாதிரி முதலில் கேட்கும், அப்புறம்தான் பறவை தெரியும். வாளியைக் கழிவறையில் கொட்டிவிட்டு வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். அக்கா நடுவே ஒரே ஒரு கேள்வி கேட்டார்: அங்கே படிக்கட்டு கீதா? இல்லை என்றேன். அவர் கண்ணோரம் வழிந்தது காதுக்குள் இறங்கியது. அதைத் துடைக்கலாமா என்று எனக்குத் தெரியவில்லை, துடைத்தேன்.

கீழே வந்து நல்லா இருக்காங்க என்றேன். அண்ணா என் கையை மோந்து பார்த்தார். டெட்டால் வாசனை. அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அத்தாவுல்லாவின் தங்கை சோயா நன்மங்கலத்திலிருந்து வந்தாள். பல் ஆஸ்பத்திரியில் உதவியாளர் வேலை, நோயாளி என்றால் அருவருப்பு இல்லாத பெண். அவளும் நானும் சேர்ந்து புரட்டினோம். அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், ஒன்று இரண்டு மூன்று என்று சொல்லி. மத்தியானத்துக்கு மேல் சிவப்பு கொஞ்சம் வாடியிருந்தது. அக்காவே ரசம் கேட்டுச் சாப்பிட்டார்.

சாயங்காலம் நான் கீழே இறங்கியபோது அண்ணா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மாத்திரை ஒன்றை நாக்குக்கு அடியில் வைத்திருந்தார். முகம் சாம்பல் பூத்திருந்தது. இடது தோளிலிருந்து தாடை வரை இழுக்கிறது என்று கையால் காட்டினார். நான் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டேன். ஊர் போனவர்கள் எல்லாம் திரும்பி வருகிற நாள், ரோடு அடைத்துக்கொண்டிருக்கிறது, நேரமாகும் என்றார்கள். அவரைத் தனியாக விட்டுவிட்டு மேலே ஓடுவதா, ரோட்டுக்கு ஓடுவதா என்று தெரியாமல் வாசலில் நின்றேன். போனில் அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"அவுராண்ட குடு" என்றார்.

ஸ்பீக்கரில் போட்டுக் காதருகே பிடித்தேன். அக்கா அவரைத் திட்டவில்லை, அழவில்லை. சோயா இங்கே இருக்கிறாள், ராத்திரி தங்குகிறாள், ஜஹானாரா ஒத்தடம் கொடுத்துக்கொண்டு நாளைக்கு வந்துவிடுவாள், அத்தாவுல்லா கேட்டுக்கு வேறு கொண்டி வைத்துச் சாவி ஆளுக்கு ஒன்று கொடுத்துவிட்டார் என்று வரிசையாகச் சொன்னார். சொல்லி முடித்ததும், "நீ மேல வராத, ஏறாத" என்றார்.

அண்ணா போனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம், "எம்மெஸ்ஸி, ஆட்டோ புடி" என்றார்.

ஆட்டோவில் என் தோளில் சாய்ந்திருந்தார். ஜி.எஸ்.டி. ரோடு முழுக்கச் சிவப்பு விளக்கு, ஒரு வண்டியும் நகரவில்லை. ஆட்டோக்காரர் பாலத்தைப் பார்த்து நின்றுவிட்டார். அண்ணா கண்ணைத் திறக்காமலே, வலதுபக்கம் போகாதே, இடதுபக்கம் வெட்டி முடிச்சூர் ரோடு பிடி என்று வழி சொன்னார். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் மூச்சு வாங்கியது. பள்ளத்தில் விழும்போது என் கையைப் பிடித்த பிடி எலும்பில் இறங்கியது. ஒரு இடத்தில் பிடி தளர்ந்தது. நான் பேர் சொல்லிக் கூப்பிட்டேன். பிடி திரும்ப வந்தது. நான் சாமி கும்பிடுகிறவன் இல்லை. அன்றைக்கு எங்கள் ஊர் எல்லையில் இருக்கிற எல்லாச் சாமியின் பேரையும் சொன்னேன்.

ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்தார்கள். சட்டைப் பொத்தானை வெட்டினார்கள். எதையோ ஒட்டி, எதையோ ஏற்றி, டாக்டர் பெண் ஒருத்தி உரக்கப் பேசிக்கொண்டே கூட ஓட, உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். எவ்வளவு சேதம் என்று பார்த்தால்தான் தெரியும் என்று ஒருவர் என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். கையில் அவர் செருப்போடு நின்றேன்.

போன் அடித்தது.

"உள்ள போய்ட்டாரா?" என்றார் அக்கா.

"போய்ட்டாரு."

"திரும்பிப் பாத்தாரா?"

"இல்லக்கா."

பின்னால் சோயா யாருக்கோ ஒன்று இரண்டு மூன்று சொல்வது கேட்டது. அக்காவைத்தான் புரட்டுகிறாள் என்று அப்புறம் புரிந்தது. போனைக் கையிலேயே வைத்திரு, வைக்காதே என்றார் அக்கா. வைக்கவில்லை.